வெளிச்சத்துக்கு முதுகு காட்டிய பச்சை

கல்லூரி ஆய்வகத்தின் கூரை ஒழுகிச் சுவரெல்லாம் பூசணம் பிடித்ததில், மராமத்து என்று சொல்லிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். என் முனைவர் பட்ட வேலை பாதியில் நின்றது. வழிகாட்டியான பேராசிரியர், "வீட்ல வெச்சுச் செய்ய முடியுமான்னு பாருங்கம்மா" என்றார். அப்படித்தான் நீலப்பச்சை பாக்டீரியா போத்தனூரில் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது.

சோதனை என்னவோ எளியதுதான். அகார் என்னும் கடற்பாசிக் கூழை ஊற்றி உறைய வைத்த தட்டின் நடுவில், அந்த பாக்டீரியாக்கள் திரண்ட ஒரு பச்சைத் துளி. தட்டை இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஒரு பக்கத் துளை வழியாக மட்டும் வெளிச்சம் விட வேண்டும். கண்ணே இல்லாத இந்த உயிர், வெளிச்சம் வரும் திசையைக் கண்டுபிடித்துவிடும். அதன் உருண்டை உடம்பே ஒரு லென்ஸ். ஒரு பக்கம் விழும் ஒளி எதிர்ப்பக்கச் சுவரில் குவியும். அதை வைத்துத் திசை அறிந்து, நுண்ணிய இழைகளை நீட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஊரும். சில நாளில் துளியின் விளிம்பிலிருந்து விரல் விரலாகப் பச்சை துளையை நோக்கி நீளும். நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் ஒழுங்காக நீண்டது.

பெட்டியைச் செய்து கொடுத்தவர் என் கணவர். வீட்டின் முன்பக்கம் பம்புசெட் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தகரத்தை வளைத்து, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து, துளைக்கு வெளியே ஒரு குழாயைப் பொருத்தி, அதற்குள் சின்ன பல்பு ஒன்றை மாட்டினார்.

முதல் முறை, துளி போட்ட இடத்திலேயே கிடந்தது. "வெளிச்சம் பத்தலையோ என்னமோ" என்று சாப்பிடும்போது சலித்துக்கொண்டேன். மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை விரல்கள் வந்தன, துளைக்கு நேர் எதிர்ப்பக்கமாக.

நான் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்த பேராசிரியர் போனில் சொன்னார்: "தட்டைத் திருப்பி வெச்சிருப்பீங்க."

"இல்லீங்க சார், அம்புக்குறி போட்டுத்தானுங்க வெச்சேன்."

"அப்ப அம்புக்குறியைத் திருப்பிப் போட்டிருப்பீங்க."

அடுத்த முறை தட்டைப் பெட்டியோடு சேர்த்து டேப் ஒட்டினேன். மறுபடியும் எதிர்ப்பக்கம்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சையை வாய்விட்டே திட்டினேன். சத்தம் கேட்டுக் கணவர் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பெட்டியில நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

"தட்டை நான் ஏங் கண்ணு தொடறேன்?" என்றவர் சற்று யோசித்து, "பல்பைத்தான் மாத்துனேன்" என்றார்.

"எப்ப?"

"நீதான வெளிச்சம் பத்தலைன்னு சொன்னே! ட்ரில்லிங் மிசினுக்கு மேல போடறதுல ஒண்ணு மீதி கெடந்துச்சு. மாட்டிப்போட்டேன். இப்ப நல்லா அடிக்குதல்ல?"

குழாயைக் கழற்றி விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கண் கூசியது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் எப்போதும் பெட்டியைத் திறப்பேன் என்பதால், பல்பு மாறியது எனக்குத் தெரியவே இல்லை. அளவான வெளிச்சமென்றால் இவை நெருங்கி வரும். மிஞ்சினால் உடம்புக்குக் கேடு என்று திரும்பி ஓடும். அந்தத் துளி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"சொல்லியிருக்கலாமல்லங்க?"

"வெளிச்சம் சாஸ்தியா இருந்தா நல்லதுதானுங்களே?" நான் கோபப்பட்டால் மட்டும் எனக்கும் 'ங்க' போடுவார். அந்த மரியாதை எரிச்சலை இன்னும் கூட்டியது. வாரக்கணக்கில் போன உழைப்பை நினைத்து அழுகையும் வந்தது. அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். குடிக்கவில்லை. ஆறிய பிறகு குடித்தேன்.

பழைய பல்புக்கும் அந்தப் பூதத்துக்கும் நடுவாக ஒன்றை டவுன்ஹால் பக்கம் தேடி வாங்கிவந்து மாட்டினேன். துளி அசைந்தது. மெல்லிய பச்சை விரல்கள் துளையைப் பார்த்து நீண்டிருந்ததைக் கண்டதும், கணவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றார்.

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் சொல்லிப் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. அந்த எதிர்ப்பக்கம் போன தட்டெல்லாம் பத்திரமா இருக்கல்ல?"

"கொதிக்க வெச்சுக் கழுவிக் கொட்டிட்டேனுங்க சார்."

"அடடா! அதுதாம்மா இதைவிட முக்கியம். ரெண்டு பெட்டி வெச்சு, ரெண்டு வெளிச்சத்துலயும் முதல்லருந்து செஞ்சிருங்க."

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய், இன்னொரு பெட்டி வேண்டும் என்றேன். லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"செஞ்சு தாரனுங்க. பல்பு மட்டும் நீங்களே மாட்டிக்கோங்க."