தண்ணீரில் விழுந்த வளையலுக்கு ஒரு திருடி

கொச்சியில், பள்ளுருத்தியில் ஒரு வாடகை அறை, மட்டாஞ்சேரி அடுக்குமாடி ஒன்றில் நான்கு வீட்டு வேலை. உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒச்சம்மாளுக்குப் பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. நான்கில் பெரிய வீடு ராமபத்ரனுடையது.

அவர் மனைவி ஸ்வர்ணலதா வைப்பின் தீவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது, பழக்கூடை சுமக்க ஒச்சம்மாளையும் கூட்டிப் போனாள். படகில் டால்பினைக் காட்டக் கையை நீட்டினாள். தொளதொளத்த வைர வளையல் நழுவிக் கடலில் விழுந்தது. பார்த்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

வீட்டுக் காப்பீட்டில் அந்த வளையலைத் தனியாகப் பதிந்திருந்தார்கள். ஆனால் வீட்டிலிருந்து திருடு போனால்தான் இழப்பீடு. வெளியே தொலைத்தால் கிடையாது. ஆகவே வளையல் வீட்டுக்குள் திருடு போனது. திருட்டென்றால் போலீஸ் புகார் வேண்டும். புகாரில், யார்மேல் சந்தேகம் என்று கேட்பார்கள். பூஜை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத ராமபத்ரன், கூசாமல் ஒச்சம்மாள் பெயரைச் சொன்னார்.

"சும்மா பேருக்குத்தாண்டி, ஒண்ணும் ஆகாது," என்றாள் ஸ்வர்ணலதா. "பால்கனிக் கதவைச் சாத்த மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடு."

"கடல்ல விழுந்ததுக்குக் கதவு என்னம்மா பண்ணும்?"

ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க அவளை உட்கார வைத்தார்கள். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். "கடலில் போயோ? நல்ல கதயாணல்லோ!" என்று போலீஸ்காரர் சிரித்தார். ராமபத்ரன் வீட்டு வேலை போனது. மற்ற மூன்று வீட்டாரும் அலமாரியைப் பூட்டிக்கொண்டு வேலையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாத்திரம் துலங்க வேண்டுமே!

ஒரு மாதம் கழித்து, காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஷாஹிர் அவள் அறைக்கே விசாரிக்க வந்தார். அவள் சொன்னதை முதன்முதலாக நம்பியவர் அவர்தான். நம்பினால் நிறுவனத்துக்கு லாபம். அவள் சொன்னதை மலையாளத்தில் எழுதி நீட்டினார். ஒச்சம்மாளின் மகள் சங்கரி அதை வாசித்துப் பார்த்து, "நீ சொன்னபடிதான் இருக்கும்மா," என்றாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா போலீஸ்ல எம்பேர அடிச்சிருவாகளா, தம்பி?"

"அது போலீஸ் காரியம் சேச்சி. எங்க கம்பெனிக்கு இது போதும்."

ஒச்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "போகுது. ஒரு தாள்லயாச்சும் நெசம் இருக்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டாள்.

இழப்பீடு மறுக்கப்பட்டது. நிறுவனம் தன் பணத்தைக் காத்துக்கொண்டு கோப்பை மூடியது. பொய்ப் புகார் கொடுத்தவரை யாரும் ஒரு மணி நேரம்கூட ஸ்டேஷனில் உட்கார வைக்கவில்லை. புகாரிலிருந்து ஒச்சம்மாள் பெயரை அடிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

அந்த வாரமே மீதி மூன்று வீடும் அவளை நிறுத்தின. கடைசியாக நிறுத்தியவள் இரண்டாம் மாடி மதுவந்தி.

"திருடின்னாலாவது அலமாரியைப் பூட்டிண்டு சமாளிச்சேன். நீ வீட்டு விஷயத்தை வெளியில சொல்றவளா இருக்கே. உன் வாய்க்கு எங்கேடி பூட்டு வாங்கறது?"

"வாங்க வேணாம்மா," என்றாள் ஒச்சம்மாள். "பதினாறு நாள் சம்பளத்தக் குடுங்க, போறேன்."