ரெட் அலர்ட்டுக்கு மைக் பிடித்தவன்

கல்யாணத்துக்கு மைக் பிடித்தால் இலை போட்டு உட்கார வைப்பார்கள். மழைக்கு மைக் பிடித்தால் வசவு மட்டும்தான் கிடைக்கும். எனக்குக் கேரளத்து மலையில் வண்டிப்பெரியாரில் மைக் செட் தொழில். கல்யாணம், கட்சிக் கூட்டம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஜீப் மேல் ஸ்பீக்கர் குழாயைக் கட்டிக்கொண்டு கத்துவேன். சில வருஷங்களாக மழைக்காலத்தில் வில்லேஜ் ஆபீசிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். மலையாளத்தில் வரும் மஞ்சள், ஆரஞ்சு, ரெட் மழை எச்சரிக்கைகளைத் தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழில் சொல்ல வேண்டும். வீட்டில் ‘குடை எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லி, அன்றைக்கென்று வெயில் கொளுத்தி, திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? நாமெல்லாம் ஒரே கட்சி.

தள்ளுபடி வெள்ளம்

என் பெரிய தலைவலி கீழ் லயம். ஓடை வந்து ஆற்றில் சேர்கிற இடத்தில் ஏழு வீடுகள். மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், கீழே பத்து நிமிஷத்தில் தண்ணீர் ஏறிவிடும். அந்த ஏழு வீட்டுக்கும் சொல் ஒன்றுதான், அது கொழுந்து பறிக்கும் எஸ்தரக்காவின் சொல். அக்கா எழுந்தால் ஏழு வீடும் எழும். உட்கார்ந்தால் ஏழும் உட்காரும்.

முதல் தடவை தொண்டை கட்டியிருந்ததால் எச்சரிக்கையை முன்கூட்டியே பதிவு செய்து கொண்டு போனேன். ‘ஓடையோரம் வசிக்கும் பொதுமக்கள் உடனடியாக மேட்டு ஸ்கூலுக்குச் செல்லவும்’ என்று முடிந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். டிரைவர் முருகேசனிடம் பேசிக்கொண்டே விட்டுவிட்டேன். அடுத்தாற்போல் இருந்த ஜவுளிக்கடைப் பதிவு நாதஸ்வரத்தோடு ஆரம்பித்தது. ‘முந்துங்கள்! ஞாயிற்றுக்கிழமை வரை மட்டுமே!’ வாசலில் நின்ற எஸ்தரக்கா கடைசிவரை கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்:

“ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்குல்லா தம்பி, கோயில்ல பூசை பாத்துட்டு வந்து சாவகாசமா போய்க்கிடுதோம்.”

இடிக்குப் புத்தி சொன்னது

பிறகு ஒரு நாள் இடி மின்னல் எச்சரிக்கை. தேயிலைக் காட்டுக்குள் பறித்துக்கொண்டிருப்பவர்களைக் கூரைக்குள் அனுப்ப வேண்டும். மேட்டு ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, பின்னால் ஏறி நின்று, ‘உயரமான இடத்தில் நிற்காதீர்கள், இரும்புப் பொருட்களைத் தொடாதீர்கள்’ என்று கணீரென்று ஆரம்பித்தேன். வானம் கருத்துப் போய் உறுமிக்கொண்டிருந்தது.

கூடையோடு கூட்டம் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, இன்னொரு தடவை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கடைசியாகப் போன சூப்பர்வைசர் அண்ணாச்சி நின்று, என்னையும், கையிலிருந்த மைக்கையும், தலைக்கு மேலே நின்ற இரும்புக் குழாயையும் வரிசையாகப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இந்த எஸ்டேட்லயே ஒசரத்துல இரும்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன் நீ ஒருத்தன்தான். நீ பேசி முடி, நாங்க தள்ளி நின்னு கேக்குறோம்.”

கலர் கேட்டவர்

மழைக்காலத்தில் கடைத்தெருவில் நான் நடந்தால் ‘நாளைக்கு என்ன கலர்?’ என்று கேட்காதவர் கிடையாது. ரெட் என்றால் ஸ்கூலுக்கு லீவு விடுவார்கள் என்பது கணக்கு. பிள்ளைகள் கேட்டால் சமாளித்துவிடலாம். ஒரு சாயந்திரம் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஸ்கூல் வாத்தியார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்து, வடையும் வாங்கிக் கொடுத்தார். உடம்பு எப்படி, தொழில் எப்படி என்று விசாரித்தார். இவ்வளவு அன்பு எதற்கு என்று வடை பாதி இறங்கிய பிறகுதான் யோசித்தேன். ஆரஞ்சுதான் சார் என்றேன். முகம் தொங்கிப்போய்விட்டது.

“இன்னும் கொஞ்சம் செவக்கட்டும்ன்னு ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க, இன்னும் பேப்பர் திருத்தல.”

வெயிலடித்த கேம்ப்

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கூச்சம்தான். எஸ்தரக்காவின் வீட்டுக்காரர் இருதயராஜ் அண்ணன் சரிவில் விழுந்து கால் போனவர், நடக்க முடியாது. மேட்டு ஸ்கூலுக்குப் போக வேண்டுமானால் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் படியில் தூக்க வேண்டும். ஒரு ரெட் அலர்ட்டுக்கு நான் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சி, அக்கா மனசு இறங்கி, வேலைக்குப் போகாமல் ஏழு வீடும் மேட்டு ஸ்கூல் கேம்புக்கு வந்தது.

அன்று அடித்த வெயிலைப் போல ஒரு வெயிலை அந்த மலையில் நான் பார்த்ததில்லை. கேம்புக்கு வந்தவர்கள் போர்வை துவைத்துக் காயப்போட்டார்கள். மத்தியானம் கஞ்சியும் பயறும் வந்தது. இருதயராஜ் அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே ‘ஒம் மழைக்குக் கூலிங் கிளாஸ் வேணும்டே’ என்றார். தூக்கி வந்த நாலு பேரும் தோளைத் தேய்த்தபடி என்னைப் பார்த்த பார்வையில் நான் மைக் வயரைச் சுற்றுவது போல் குனிந்துகொண்டேன். எஸ்தரக்கா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“இனிமே வாசப்படியில தண்ணிய என் கண்ணால பாத்தாத்தான் இந்த மனுசன தூக்குவேன் தம்பி.”

ஜீப்பில் போனது

வாசற்படியில் தண்ணீர் தெரிந்தபின் அவரைத் தூக்க நேரமே இருக்காது. அடுத்த ரெட் அலர்ட்டும் வந்தது. முற்பகல் பதினோரு மணி இருக்கும். மேல் மலையில் பேய் மழை, உடனே ஆட்களை மேட்டுக்கு ஏற்று என்று வில்லேஜ் ஆபீசர் போனில் சொன்னார். கீழ் லயத்தில் தூறல்தான். மூன்று தடவை கத்தினேன். எஸ்தரக்கா தலையை நீட்டி, ‘சரி தம்பி, நீ சொல்ல வேண்டியத சொல்லிட்டல்லா’ என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஏழு கதவும் சாத்திக்கொண்டது.

அப்போது ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஊர் மறந்துவிட்டது. என் வீடு இன்னும் கீழே, ஆற்றை ஒட்டி. முருகேசனை விரட்டி ஜீப்பைத் திருப்பி, ஸ்பீக்கர் பெட்டிகளையும் துணி மூட்டையையும் அள்ளிப்போட்டு, மனைவியை மேலே உட்கார வைத்தேன். புது மிக்சியை விட்டு வரமாட்டேன் என்று மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேலே போக கீழ் லயத்து ரோடு ஒன்றுதான். மைக்கைத் தொடக்கூட இல்லை. நான்தான் முதலில் ஓடுகிறேன் என்ற வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டபடி லயத்தைத் தாண்டினேன்.

அவளை மேட்டு ஸ்கூலில் இறக்கிவிட்டு, காலில் விழுந்தாவது கூட்டி வருவோம் என்று திரும்பினேன். படியில் ஏழு வீடும் ஏறி வந்துகொண்டிருந்தது. இருதயராஜ் அண்ணன் நாற்காலியில் குடை பிடித்தபடி வந்தார். அவர்கள் மேலே வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கீழ் லயத்தில் ஜன்னல் வரை தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. ‘ஒரு வழியா என் பேச்சை நம்பினீங்களே அக்கா’ என்றேன். எஸ்தரக்கா முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒம் பேச்ச யாரு நம்புனா? ஒம் பொண்டாட்டி மிக்சிய மடியில வச்சுக்கிட்டுப் போனா பாரு, அதப் பாத்துத்தான் கெளம்புனோம்.”

அன்றிலிருந்து ரெட் அலர்ட் வந்தால், மனைவியையும் மிக்சியையும் ஜீப்பில் ஏற்றிக் கீழ் லயம் வழியாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆபீஸ் சம்பிரதாயத்துக்காக மைக்கைப் பிடிக்கிறேன்.