மாறிப்போன எஞ்சின்

பெற்றோல் பழசாகிப்போனால் என்ன மணம் மணக்கும் தெரியுமா? வார்னிஷுக்குள் மாம்பழம் அழுகின மாதிரி ஒரு மணம். கல்லடியில் என் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் பதினொரு வருடமாகக் கிடந்த மோட்டார் சைக்கிளின் தாங்கி மூடியைப் போன மாதம் திறந்தபோது அந்த மணம்தான் முதலில் வெளியே வந்தது. மாரி மழையில் மேலே போட்டிருந்த படங்கு கிழிந்துவிட்டது, வேறு போடலாம் என்றுதான் போனேன். போன இடத்தில் மூடியைத் திறக்கச் சொன்னது யாரென்று தெரியாது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேலையில்லாவிட்டால் இப்படித்தான்.

வண்டி பழைய தொண்ணூறு சிசி. எங்கள் பக்கம் ‘நைன்ரி’ என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. உப்புக்காற்று தின்ற மட்கார்ட் விரல் பட்டதும் அப்பளமாக உடைந்தது. ஆனால் எஞ்சின் இறுகவில்லை. கிக்கரை மிதித்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த மிதியோடு எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆரையம்பதியில் கராஜ் வைத்திருக்கும் ரவி சின்ன லொறியில் வந்து வண்டியை ஏற்றிப்போனார். கார்பரேற்றரைக் கழுவினார், பிளக் மாற்றினார், இரண்டு சில்லுக்கும் புது டயர் போட்டார். ஐந்தாம் நாள் நீலப்புகை கக்கிக்கொண்டு வண்டி எழும்பிவிட்டது. நான் கராஜ் வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரவி பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் குனிந்து பார்த்தார்.

“சேர், புத்தகத்தில ஒரு நம்பர் கிடக்கு, எஞ்சின்ல வேற நம்பர் கிடக்கு. இது ஆருட எஞ்சின்?”

“ஞானத்திட” என்றேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ஞானமும் நானும் வாவிக்கு அங்கால், படுவான்கரையில், ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அந்த நாளில் பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். காலையில் எங்கள் இரண்டு நைன்ரிகளும் அதில் ஆட்டுக்கும் மீன்பெட்டிக்கும் நடுவில் நிற்கும். பிறகு கெட்ட காலம் வந்தது. துவக்கோடு வந்து வண்டியைக் கேட்பார்கள். யார் கேட்டார்கள் என்கிறீர்களா? கேட்காதவர்கள் யார் என்று கேளுங்கள். அதனால் எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டானது. எஞ்சினைக் கழற்றி எங்காவது ஒளித்துவிட்டு, வெறும் வண்டியை முற்றத்தில் விட்டுவிடுவது. எஞ்சின் இல்லாத வண்டியை யாரும் தள்ளிக்கொண்டு போகமாட்டார்கள். என் வண்டியில் பக்கத்து வீட்டுக்காரர் ஆடு கட்டினார்.

எங்கள் எஞ்சின்கள் இரண்டும் படுவான்கரையில் ஞானத்தின் மாமா வீட்டு நெல்லறைக்குள் போயின. ஆளுக்கொரு சாக்கு. மாறிவிடாமலிருக்க ஞானம் சாக்கில் எங்கள் பெயரின் முதலெழுத்துகளை எழுதினான். எதனால் என்று நினைக்கிறீர்கள்? சோக்குக் கட்டியால். வாத்தியார் புத்தி வேறெங்கே போகும்! ஒன்றரை வருடம் கழித்துப் போனபோது எழுத்தெல்லாம் அழிந்து, சாக்கின்மேல் நெல்லுமிதான் ஒட்டியிருந்தது. ஆளுக்கொன்றைத் தூக்கிவந்து பூட்டினோம். இரண்டும் ஓடின. பிள்ளைகளின் கணக்கில் ஒரு புள்ளி பிழைத்தாலும் சிவப்புப் பேனை எடுக்கிற நாங்கள் எஞ்சின் நம்பரை ஒருதரம் குனிந்து பார்க்கவில்லை.

பார்த்தது சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய். என் புத்தகத்தையும் எஞ்சினையும் மாறிமாறிப் பார்த்தவனின் முகம் இறுகியது. அந்த நாளில் அதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் வீடு திரும்பாதவர்கள் உண்டு. பின்னால் நின்ற ஞானம் தன் புத்தகத்தை நீட்டி, என் எஞ்சினைக் காட்டி, பிறகு தன் எஞ்சினைக் காட்டி, அரைகுறைச் சிங்களத்தில் நெல்லறையைக் கையால் வரைந்து காட்டினான். வெயிலில் அரைமணி நேரம். கடைசியில் அந்தச் சிப்பாய் சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நாங்கள் தனித்துப் போனதே இல்லை. ஒருவனின் எஞ்சினுக்கு மற்றவனின் புத்தகம்தானே சாட்சி! ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவனுக்கும் லீவு. மாற்றிப் பூட்ட ஒருநாள் போதும். “அடுத்த லீவில பாப்பம் மச்சான்” என்பான். நானும் ஓம் என்பேன். சாவடிகள் எடுபட்ட பிறகும் மாற்றவில்லை. உள்ளதைச் சொன்னால், மாற்றிவிட்டால் சேர்ந்து போகக் காரணம் இல்லாமல் போய்விடுமே என்று இரண்டு பேருக்கும் ஒரு பயம்.

ஞானம் நாலு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டான். என் வண்டி கொட்டிலுக்குள் போன பிறகும், கடைசி வாரம் வரை அவன் வண்டி ஓடியது.

“இவ்வளவு காலம் லைசன் எடுக்காத வண்டி சேர். நம்பர் பாக்காம விடமாட்டாங்க. உங்கட எஞ்சினத் தேடி எடுங்க” என்றார் ரவி.

தேடத் தேவையில்லை. நாலு ஒழுங்கை தள்ளித்தான் ஞானத்தின் வீடு. அவன் மனைவி பூமணி வண்டியை விறாந்தையில் பழைய சேலையால் மூடிவைத்திருந்தா. தூசி இல்லை. விசயத்தைச் சொன்னேன். நல்ல காரியம் செய்கிற நினைப்பில், “ஞானத்திட எஞ்சின் என்னட்டக் கிடக்கு தங்கச்சி. அதத் தந்திட்டு என்ட எஞ்சின எடுக்கிறன்” என்றேன்.

“அவருட எஞ்சினா? இருவத்தஞ்சு வருசம் அவர் இதிலதானே அண்ணன் வந்தவர்” என்றா.

பிறகு சேலையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னா: “ஒழுங்கை முனையில கியரக் குறைக்கக்குள்ள ரெண்டு தரம் இருமும். அது கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும். அந்த நாளையில எத்தின வண்டி போகும், எல்லாம் கேட்டுக் கேட்டு, இது இல்ல, இது இல்ல எண்டு இருந்த நான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டியும் வேண்டாம், லைசனும் வேண்டாம் என்று எழும்பினேன். அவதான் மறித்தா.

“எடுத்திட்டுப் போங்க. இஞ்ச கிடந்து இது சத்தமே போடுறல்ல. மறுகா ஓடத் தொடங்கினாப் பின்னேரத்தில ஒருக்கா இந்த ஒழுங்கையால போங்க.”

“அதுக்கென்ன, வந்து ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போறன்.”

“இல்ல அண்ணன், நிக்க வேணாம். நிண்டா நீங்க எண்டு தெரிஞ்சிரும்.”

ரவி இரண்டு எஞ்சினையும் மாற்றிப் பூட்டிவிட்டார்; இப்போது என் வண்டி றோட்டில். பாலம் வந்து பாதை போய்விட்டது. சாவடி இருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்கிறார். நல்லதுதான், எதுவும் திரும்பி வரவேண்டாம். அந்த நாளில் பொழுது சாய்ந்தால் எங்கள் ஊர்களில் ஒரு வீட்டிலும் றேடியோ சத்தமாகப் பாடாது. எல்லோர் காதும் ஒழுங்கையில் இருக்கும். இன்னாரின் வண்டி, இன்னாரின் சைக்கிள் செயின், இன்னாரின் செருப்பு என்று சத்தத்தை வைத்தே ஆள் வந்து சேர்ந்ததை எண்ணிக்கொள்வார்கள். இப்போது பிள்ளைகள் பாதி வழியிலேயே போனில் சொல்லிவிடுகிறார்கள். ஒருவரும் ஒருவருக்காகவும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதில்லை, அந்த ஒரு வீட்டைத் தவிர. திங்களும் வியாழனும் நான் அந்த ஒழுங்கையால் போகிறேன். நிற்பதில்லை.