எதற்கென்று கேட்காமல் நின்ற லைன்

போன செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையில் முக்கால் மணித்தியாலம் ஒரு லைனில் நின்றேன். எதற்கென்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

காலைப் பூசை முடிந்து கண்ணாடிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் ஒரு கவர். கவருக்குள் புது மூக்குக்கண்ணாடிக்கான காசு. வழியில் ஒரு கட்டட வாசலிலிருந்து ரோட்டு வரைக்கும் சனம் வரிசையாக நின்றது. அவ்வளவுதான்... என் கால் தானாக நின்றுவிட்டது. கடைசி ஆளுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன்.

உங்களுக்கும் அந்தத் தட்டுப்பாட்டு வருஷம் மறந்திருக்காது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்களின் சிலிண்டர்களோடு என் சிலிண்டரையும் சங்கிலியால் கட்டிவிட்டு இரண்டு நாள் காவல் இருந்தவள் நான். அங்கே ஒரு பாடம் படித்தேன் — லைனைக் கண்டால் முதலில் நில், பிறகு கேள். கேட்டுவிட்டு நிற்கப் போனால் நாலு பேர் முந்திவிடுவார்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் மண்டையில் இவ்வளவு நன்றாக ஏறிய பாடம் வேறு இல்லை.

இப்போது கடைகளில் சாமான் நிறைந்து கிடக்கிறது. ஏறிய பாடம்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

கண்ணாடிக் காசு சேர்த்தது இது நாலாவது தரம். முதல் தரம் சேர்த்தது காஸ் சிலிண்டராகிவிட்டது. வீட்டில் நானும் மகள் ஜெனிட்டாவும் மட்டும், சிலிண்டர் மூன்று. இரண்டாம் தரம் சேர்த்தது பால்மாவாகிக் கட்டிலுக்குக் கீழே போனது. மூன்றாம் தரம் அரிசி மூட்டை.

"மம்மி, மூண்டு சிலிண்டர வச்சுக்கொண்டு என்ன செய்யப் போறீங்க? ஹோட்டல் திறக்கப் போறீங்களோ?" என்று மகள் கத்தினாள். கத்துவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் என் பிரஷர் குளிசையென்று நினைத்து அவளுடைய குளிசையை விழுங்கிவிட்டேன். பழைய கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல், மறுபக்கம் நூல் கட்டு.

"நான் வாங்கித் தாறன், வாங்க."

"என்ட கண்ணுக்கு நான்தான் வாங்குவன்."

இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. மகளிடம் மட்டும் ஏன் நீட்ட வேண்டும்?

அவள் போனைப் பார்த்து ஒரு வழி சொன்னாள். எதை வாங்க ஆசை வந்தாலும் ஒரு நாள் பொறுக்க வேண்டுமாம். மறுநாளும் தேவை என்று தோன்றினால்தான் வாங்க வேண்டுமாம். சரியென்று பொறுத்தேன். கடையில் உப்பைக் கண்டேன், வாங்காமல் வந்தேன். மறுநாள் போனால்... உப்பு இல்லை! அந்தக் கடையில் மட்டுமல்ல, ஒரு கடையிலும் இல்லை. நல்ல வேளை, அலுமாரிக்குள் பழைய உப்பு ஆறு பக்கெட் இருந்தது. பக்கத்து வீட்டார் கோப்பையோடு வந்து நின்றார்கள். ஜெனிட்டாவும் அந்த உப்பைப் போட்டுத்தான் கறி வைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். என் பழக்கம் பிழையா, சரியா? எப்போதும் பிழையாக இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். இடைக்கிடை சரியாகிவிடுகிறதே — அதுதான் குழப்பம்.

சரி, லைனுக்கு வருகிறேன். எனக்கு முன்னால் நின்றது மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். ஐம்பது வயதிருக்கும். திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க யாருக்கு நிக்கிறீங்க ஆன்ட்டி?"

"யாருக்கு? எனக்குத்தான்."

"உங்களுக்கா? டுபாய்க்கா?"

டுபாய் ஹோட்டல் வேலைக்கு ஆள் எடுக்கிற லைனாம் அது! அவள் மகன் போட்டோ எடுக்கப் போயிருந்தானாம். அவனுக்கு இடம் பிடித்து நின்றாளாம். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். எல்லாம் இளந்தாரிகள், எல்லார் கையிலும் ஃபைல்.

நான் விட்டுக்கொடுப்பேனா? "ஏன், என்னை எடுக்க மாட்டாங்களோ?" என்றேன்.

"எடுப்பாங்க ஆன்ட்டி, ஹோட்டல் முதலாளிக்கு உம்மா தேவையெண்டா!"

முதலாளிக்கு அம்மாவாக என்னை நினைத்து இருவரும் சிரித்தோம். லைனைக் கண்டதும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "நானும் உங்கள மாதிரித்தான். வூட்டுல சீனி பதினஞ்சு கிலோ ஈக்கி. எனக்கும் அவருக்கும் சுகர்."

என் கட்டிலுக்குக் கீழே பால்மா... அவள் வீட்டில் சீனி. இரண்டையும் சேர்த்தால் கொட்டாஞ்சேனைக்கே தேத்தண்ணி கொடுக்கலாம்.

விஷயம் தெரிந்த பிறகாவது போயிருக்க வேண்டாமா? போக முடியவில்லை! பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு போவதா என்று மனம் அடம்பிடித்தது. அவள்தான் என் தோளைத் தொட்டாள்.

"போங்க ஆன்ட்டி. இதுல ஒண்டும் தர மாட்டாங்க. நாங்கதான் புள்ளையக் குடுக்கணும்."

சிரித்த முகம்தான். கண் மட்டும் மகன் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் லைனை விட்டு விலகினேன்.

கண்ணாடிக் கடைக்குப் போனால் அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு ஃப்ரேமைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றக் கையால் பைக்குள் கவரைத் தொட்டேன். கை வெளியே வரவில்லை. லைன் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. இது நாளைக்கும் இருக்கும், இன்றைக்கே ஏன்? இப்படித்தான் மூன்று தரமும் நினைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை... அதனால்தான் ஒருநாளும் வாங்கவில்லை!

கடைக்காரர் என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ தெரியாது. நான் கையில் வைத்திருந்த ஃப்ரேமைக் காட்டி, "அம்மா, இது கடைசி ஒண்டுதான் இருக்கு. பின்னேரம் வந்தா இருக்குமோ தெரியாது" என்றார்.

அடுத்த நிமிஷம் கவர் அவர் கையில்.

சனிக்கிழமை போய், லென்ஸ் பூட்டி வைத்திருந்த கண்ணாடியை வாங்கி, அங்கேயே போட்டுப் பார்த்தேன். உலகம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பில்லை எடுக்க அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். உள்ளே அதே ஃப்ரேம், வரிசையாக. புதுக் கண் அல்லவா, தெளிவாக எண்ணினேன். பதினொன்று.

ஏசவா, நன்றி சொல்லவா? இன்னும் விளங்கவில்லை. பொய் சொன்னார். ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் இந்தக் கவர் இந்நேரம் நாலாவது சிலிண்டராகியிருக்கும்.

லாச்சியை மூடுவதற்குள் நான் ஒன்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன், வாங்கவில்லை, ஜெனிட்டாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள் — "தம்பி, இன்னொண்டு எடுத்து வச்சா என்ன விலை வரும்?"