தூத்துக்குடிப் பெட்டியும் ஜங்ஷன் பெட்டியும்

எங்கள் மெல்லிசைக் குழுவுக்குச் சொந்தமாக ஒரு சிந்தசைசர் வாங்கலாம் என்று முடிவானபோது, எதை வாங்குவது என்று பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. கான்வென்டில் படித்த நாட்களில் ஒரு கன்னியாஸ்திரீ பியானோ சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தத் தைரியத்தில், விடுமுறை நாட்களில் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் குழுவோடு போய் வாடகைக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வரும் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குவார்.

குழுவை நடத்தியவர் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி. "எனக்கு வாசிக்கத் தெரியாது தாயீ. நீயே பாத்துச் சொல்லு. ஆனா வெரசாச் சொல்லு" என்றார். அந்த ஒன்றுதான் என்னால் முடியவில்லை.

முதலில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு டிஜிட்டல் சிந்தசைசர் இருந்தது. பிளாஸ்டிக் உடம்பு, வழவழப்பான சின்னப் பொத்தான்கள், நடுவில் பச்சை வெளிச்சத்தில் எழுத்து ஓடும் ஒரு பட்டை. பெரிய கால்குலேட்டருக்குக் கட்டை வைத்தது போல இருந்தது. கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். தாளம், வயலின், எக்காளம் எல்லாம் சேர்ந்து அது தானாகவே வாசித்து முடித்தது. "பாத்தியளா, ஆளே வேண்டாம்" என்றார். ஆளாக அங்கே நின்றுகொண்டிருந்த எனக்கு அது ரசிக்கவில்லை. ஆனாலும் புல்லாங்குழல் ஒலியை வைத்துச் சில கட்டைகளை அழுத்திப் பார்த்தபோது அசந்துபோனேன். ஊதுபவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். அந்தப் பணத்துக்குப் புது மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பழைய சிந்தசைசர் விலைக்கு இருப்பதாகத் தெரிந்து அங்கே போனேன். வீட்டுக்காரர் கப்பலில் எலக்ட்ரீசியன். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தாராம். அவர் கடலில் இருந்தார். அவருடைய மனைவிதான் மாதா படத்துக்குக் கீழே இருந்த போர்வையை விலக்கிக் காட்டினார். "வித்துட்டா ஒரு கட்டில் போடலாம்னு பாக்கேன். ஒங்களுக்கு எது கட்டுமோ கொடுங்க" என்றார்.

இரண்டு பக்கமும் தேக்கு போல மரம். கறுத்த இரும்பு முகம் முழுக்கத் திருகுகள். எல்லாமே கையால் பிடித்துத் திருப்ப வேண்டியவை. இருவர் பிடித்தால்தான் நகரும் கனம். அது அனலாக் வகை. ஜங்ஷன் கடையில் பார்த்ததில் ஒலிகள் எண்களாக உள்ளே அடைத்து வைக்கப்பட்டிருக்கும். இதில் அடைத்து வைக்க ஒன்றும் கிடையாது. ஓடுகிற மின்சாரம்தான் நடுங்கி நடுங்கிச் சத்தமாகிறது. வயலின் கேட்டால் வராது, புல்லாங்குழல் கேட்டால் வராது. நான் கீழ்ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தி, பக்கத்தில் இருந்த திருகை மெதுவாகத் திருப்பினேன். மூடியிருந்த சத்தம் பைய வாய் திறந்தது. தரை வழியாக அது என் பாதத்துக்கு ஏறியது. விலை, ஜங்ஷன் பெட்டிக்குக் கேட்டதில் கால்வாசி இருக்கும்.

அன்றிலிருந்து என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஜங்ஷன் கடை, அடுத்த சனிக்கிழமை தூத்துக்குடி பஸ். வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டே கையால் மேசை விளிம்பில் திருகு திருப்பிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் டிஜிட்டல்தான் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் காலையில் அச்சகத்துக்கு ஓடி, இல்லை, பழையதே வாங்கலாம் என்றேன். மிஷின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன தாயீ, மாப்பிள்ளை பாக்க மாதிரி பாக்க?"

பக்கத்தில் இருந்த டிரம்ஸ்காரர் எனக்குப் பரிந்து வந்தார். "பழசே இருக்கட்டும் அண்ணாச்சி. மேடையில பாக்க கரண்ட் ஆபீஸ் மிஷின் மாதிரி இருக்கும்லா. சனம் மிரண்டுரும்."

"ஏலே, சனம் மிரளுததுக்கா நம்மளக் கூப்பிடுதாவ?" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் விலை அவருக்குப் பிடித்திருந்தது. தூத்துக்குடிப் பெட்டி ஒரு வேனில் வந்து இறங்கியது.

முதல் கச்சேரி விக்கிரமசிங்கபுரத்தில், நூற்பாலையில் வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. தெருவை அடைத்துப் பந்தல். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்று கேட்டார்கள். ஆரம்பத்தில் பெட்டி நான் கேட்டதையெல்லாம் கொடுத்தது. நான்காவது பாட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. எனக்குப் பின்னால் நின்ற பெரிய விளக்கின் சூடு பெட்டியின் மேல் நேராக அடித்தது. முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு தெரிந்தது, சூடேறிய பெட்டியின் சுருதி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பாடகி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் பதறாதவர். அவரும் என்னோடு சேர்ந்து இறங்கினார். கிதார் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. நான் சுருதித் திருகைப் பிடித்து மேலே ஏற்றினேன், அவரும் ஏறினார். ஏற்றிய கையை எடுத்ததும் மறுபடியும் சரிந்தது. ஒரு கை வாசிக்க, இன்னொரு கை இழுத்துப் பிடிக்க, பாட்டு முடிவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. சைக்கிளில் சாய்ந்திருந்தவர்கள் கைதட்டத்தான் செய்தார்கள்.

பந்திக்கு உட்கார்ந்தபோது பாடகி என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நான் பாடுதேனா, இல்ல ஒன் பெட்டி என்னைய மலையில ஏத்தி எறக்கி விளையாடுதா? இன்னொரு நாளு இதக் கொண்டாந்தா நான் வரமாட்டேன், ஆமா."

அண்ணாச்சி இலையை மடித்துவிட்டு எழுந்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் எங்கிருந்தோ பணம் புரட்டி ஜங்ஷன் பெட்டியை வாங்கிவிட்டார். பழையதை என்னிடமே கொடுத்தார். அது எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டது.

டிஜிட்டல் ஒருநாளும் தவறவில்லை. வெயிலோ மழையோ, நல்ல கரண்டோ கெட்ட கரண்டோ, சுருதி இம்மியும் அசையாது. ஆழ்வார்திருநகரியில் ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து, புல்லாங்குழல் வாசித்தவர் எங்கே என்று தேடினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஊரிலும் அதே குழல், அதே இடத்தில் அதே மூச்சு. ஒருநாள் அந்த மூச்சு வரப்போவதை முன்கூட்டியே எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் பழையதன் முன்னால் உட்காருவேன். அங்கே வேறு தொல்லை. செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்த சத்தம் புதன்கிழமை கிடைக்காது. அதற்கு ஞாபகமே கிடையாது. திருகு நின்ற இடத்தில் எல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்தேன். பொட்டுக்கு நேராக எல்லாவற்றையும் திருப்பினாலும் முந்தின நாள் சத்தம் வராது, அதன் பக்கத்து வீட்டுச் சத்தம்தான் வரும். பழையதில் ஒரு நல்ல சத்தம் கிடைத்தால் டிஜிட்டலின் ஞாபகசக்திக்கு ஏங்கினேன், டிஜிட்டலில் சுத்தமாகக் கேட்டால் பழையதன்மேல் எரிச்சல் வந்தது. விற்றுவிடலாம் என்று இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

அப்போதுதான் கப்பல்காரர் விடுமுறையில் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு வாசலில் நின்றார்.

"டீச்சர், நான் இல்லாதப்ப வித்துட்டா. ஒங்க பணத்த அப்படியே தாரேன். பெட்டியத் திருப்பித் தந்துருங்க."

தலையிலிருந்து பாரம் இறங்க வேண்டிய நேரம். என் வாயிலிருந்து வந்ததோ, "தர முடியாது. நான் தினமும் வாசிக்கேன்" என்பதுதான். உள்ளே இருந்து அம்மா, "கொடுத்துரு, வீட்டுல நடக்க எடமில்ல" என்று சத்தம் போட்டாள்.

அவர் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் தொட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் திருகுகளைத் திருப்பினார். ஒன்றைத் திருப்பிவிட்டு வெகுநேரம் காத்திருந்து அடுத்ததைத் தொட்டார். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. ஒரு சத்தம் பெரிதாகி, கரகரத்து, தூரமாய்ப் போனது. என் பொட்டுகளை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அவருடைய மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "வீட்டுலயும் இப்படித்தான் மணிக்கணக்கா" என்று என்னிடம் கிசுகிசுத்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். தூங்கவில்லை.

அன்று வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். மூன்று நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்காம் நாள் நானே கடிதம் போட்டு வரச்சொன்னேன். பெட்டியை ஏற்றிக்கொண்ட வேன் தெருமுனை திரும்பும் வரை நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் முன்னறை அகலமாகக் கிடந்தது, நான் அதில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு பல மாதங்கள், டிஜிட்டலின் பச்சைப் பட்டைக்குள் பக்கம் பக்கமாகப் புகுந்து, அந்தத் தரை அதிரும் சத்தத்தைச் செய்யப் பார்த்தேன். ஒரு தடவை கிட்டத்தட்ட வந்தது. மேடையில் வாசித்தேன். பாடகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். அவர் கப்பலில் இருந்தார். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வாரம் ஒருக்கா நான்தான் போட்டு வைக்கேன். போடாட்டா கெட்டுருமாம், அவுக எழுதியிருந்தாவ" என்றார் அவர் மனைவி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாசிங்க டீச்சர்."

கீழ்ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துத் திருகைத் திருப்பினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக போடுத சத்தம் இது இல்லையே" என்றார்.

கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன். இல்லை என்று தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.