பாப்பா நைனாவின் வருமான வரிக் காகிதம்

எங்கள் விவாகரத்துத் தீர்ப்பில் மகளின் பராமரிப்பைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கணவராக இருந்தவரின் வருமானத்தில் கால் பங்கு மகளுக்கு. அது எவ்வளவு என்று தெரிய, வருஷா வருஷம் ஜூலை முடிவதற்குள் இரண்டு பேரும் வருமான வரிக் கணக்கின் நகலை ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். சித்தூர் கோர்ட்டில் அதைக் கேட்டபோது மகளுக்கு ஆறு வயது. அவர் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

அவருக்குச் சொந்த ஊர் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் பக்கம். டிப்ளமோ முடித்து பெங்களூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் பெங்களூருக்கோ மெட்ராசுக்கோ போய்விட்டிருந்தார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் கொஞ்சம் பேர்தான். என்னை ஊரிலேயே அவர் அம்மாவோடு விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை வந்து போனார். சம்பளம் அவர் அம்மாவின் கைக்குப் போகும். எவ்வளவு என்று ஒருநாள் அவரிடம் கேட்டதற்கு, "ஒனக்குத் துன்றதுக்கு இல்லாமப் பூட்சா?" என்று திருப்பிக் கேட்டார். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. என்னை ஒரு ஆளாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு வருஷம் பார்த்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு வந்து ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நானும் வரிக் கணக்கு காட்ட வேண்டும் என்பதால் பான் கார்டு எடுக்கப் போனேன். கணவர் பெயரை என்னவென்று எழுதுவது என்ற குழப்பத்தோடு படிவத்தை வாங்கினால், அதில் அப்பா பெயர் மட்டும்தான் கேட்டிருந்தது. ரேஷன் கார்டு, பாங்க் புத்தகம், பள்ளிக்கூடத்துப் பதிவு என்று எல்லா இடத்திலும் கணவர் பெயருக்காக அலைந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் படிவத்தின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. என் சம்பளத்துக்கு வரி ஒன்றும் வராது. இருந்தாலும் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்து, ரசீதைப் பத்திரமாக வைத்தேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெங்களூரிலிருந்து சித்தூருக்கு வருவார். நான் மகளோடு திருப்பதியிலிருந்து போவேன். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஓட்டலில் மூன்று பேரும் உட்காருவோம். முன்பு அவரை "இன்னாங்க" என்று கூப்பிடுவேன். பிரிந்த பிறகு அது வாயில் வரவில்லை. மகளைச் சாக்கு வைத்து "பாப்பா நைனா" என்றுதான் சொல்வேன்; நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. வரிக் கணக்கையும் கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றையும் ஒரு உறையில் போட்டு நீட்டுவார். நான் என்னுடையதை நீட்டுவேன்.

மூன்றாம் வருஷம் அதில் ஓவர்டைம், போனஸ் என்று கணிசமான தொகை இருந்தது. மகளுக்கு அனுப்பிய கால் பங்கில் அது சேரவில்லை.

"இத சேக்கலையே?" என்றேன்.

"ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு செஞ்ச வேலை அது. நீ இன்னா, இன்கம்டாக்ஸ் ஆபீசரா?"

மகள் தோசையைப் பிய்த்தபடி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பேச்சை நிறுத்திவிட்டு வக்கீலிடம் போனேன். வக்கீல் ஒரு அம்மா. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். அவர் ஒரு கடிதம் போட்டதும் பணம் வந்தது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ஓட்டலில் அவர் மகளோடு மட்டும் பேசினார்.

ஆறாம் வருஷம் அவர் வரவில்லை. உறை தபாலில் வந்தது. நானும் என்னுடையதை அவர் ஊர் முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். "லீவு கெடைக்கல, பாப்பா" என்று மகளிடம் போனில் சொன்னார். பிரித்துப் பார்த்தேன். வேலை செய்த காலம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை என்று இருந்தது. மீதி நாலு மாதம் எங்கே? ஆனால் பணம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஒரு ரூபாய் குறையாமல் வந்திருந்தது. வேறு கம்பெனிக்கு மாறி, கூடுதல் சம்பளத்தை மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாளே சித்தூருக்கு பஸ் ஏறினேன்.

"ஆகு அம்மா," என்று வக்கீலம்மா தெலுங்கில் என்னை நிறுத்தினார். "ஒரு போன் போட்டுக் கேக்கலாமே?"

"கேட்டா பொய்தான் சொல்வாரு. நோட்டீசே அனுப்புங்க."

நோட்டீஸ் போய்ப் பத்து நாளில் அவர் வக்கீலம்மாவின் ஆபீசுக்கு வந்தார். நான் முன்பே வந்து காத்திருந்தேன். ஆள் இளைத்திருந்தார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை தோல் வெந்து, கருத்து உரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாங்காய்ப் பால் பட்ட புண்.

"மீதி மாசத்துப் பேப்பர் எங்க?" என்றார் வக்கீலம்மா.

"வேற பேப்பர் இல்லம்மா. கம்பெனி மூடிட்டாங்க. வெளிநாட்டு ஆர்டர் நின்னு போச்சி. நாலு மாசம் அங்கியே வேலை தேடினேன், கெடைக்கல. இப்ப இங்கதான், மாம்பழக்கூழ் பேக்டரில கூலிக்குப் போய்க்கினு இருக்கேன். சீசன் முடியறவரைக்கும் இருக்கும்."

அந்த பேக்டரி சித்தூரை ஒட்டித்தான் இருந்தது.

"அப்ப மாசாமாசம் அனுப்பின பணம்?" என்று நான் கேட்டேன்.

"பிஎப் பணம் எடுத்தேன். வண்டிய வித்தேன்."

"தொகையைக் குறைக்கச் சொல்லி நீங்களே மனு போட்டிருக்கலாமே?" என்றார் வக்கீலம்மா.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "போட்டா இங்க்லீஷ் ஸ்கூல்லேர்ந்து பாப்பாவ இவ எடுத்துடுவாளோன்னு பயம். அப்பறம், பாப்பாவுக்குத் தெரிஞ்சிடும்." என் பக்கம் திரும்பினார். "ஒன் பேப்பர் வந்துது. ஒனக்குச் சம்பளம் ஏறியிருக்குது, பார்த்தேன். சந்தோசமா இருந்துது."

அந்த வருஷம் கல்லூரியில் என்னைக் கணக்குப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். முதல் தடவையாக வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்திருந்தது. அதைக் காட்டியே தன் பங்கைக் குறைக்கும்படி அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானோ அவர் காகிதத்தில் ஒரு தேதியைப் பார்த்ததும் அவரைத் திருடனாக்கி, ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீசை அவர் ஊருக்கு அனுப்பியிருந்தேன். அவர் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாராம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து புது ஒப்பந்தம் எழுதினோம். வேலை கிடைக்கும்வரை முன்பு கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று நான்தான் சொன்னேன். இன்னும் குறைக்கலாமே என்று வக்கீலம்மா கேட்டதற்கு, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றார் அவர். விஷயம் தெரிந்து, நகரியிலிருந்து என் அண்ணன் போன் செய்து கத்தினார்: "கோர்ட்டு குடுத்தத நீயே கம்மி பண்ணுவியாம்மா? பைத்தியமா ஒனக்கு?"

"அவரு கையப் பார்த்திருந்தா நீயும் கம்மி பண்ணியிருப்பண்ணா," என்றேன். பள்ளிக்கூடத்தை மாற்றவில்லை. நான் மாலையில் ஒரு மருந்துக் கடைக்குக் கணக்கு எழுதப் போனேன்.

மகளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வயது, புரியும். சொன்னதும் உடனே பார்க்க வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறு பேக்டரி கேட்டுக்குப் போனோம். வரிசையாக மாங்காய் டிராக்டர்கள் நின்றன. ரப்பர் பூட்சும் தலையில் துணித்தொப்பியுமாக வெளியே வந்தவர், மகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு சொன்னாங்க ஒனக்கு?" என்றார்.

"அம்மாதான். நைனா, நீ பெங்களூர்ல இருக்கேன்னு ஏன் பொய் சொன்ன? இவ்ளோ கிட்டத்துல இருந்துக்கினு!"

மகள் அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரோட்டோரத்து டீக்கடை பெஞ்சில் இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்திலிருந்தே பழைய கால் பங்கை, யாரும் கேட்காமல், அனுப்ப ஆரம்பித்தார். மகள் பதினெட்டு முடியும்வரை ஒரு மாதமும் தவறவில்லை. அவள் படித்து முடித்து இப்போது ஐதராபாத்தில் வேலையில் இருக்கிறாள்.

"இவ்வளவு நல்ல மனுஷன், திரும்பச் சேர்ந்து வாழலாமே," என்று சிலர் கேட்டார்கள். அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் நான் பட்டது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டீசுக்காக ஒருநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானா இருந்தாலும் அதத்தான் நெனச்சிருப்பேன், விடு," என்றார்.