பாண்டிதுரை எழுதிய ‘அவர்கள்’

பாண்டிதுரை பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறார். பக்கத்து மேசை என்னுடையது. என் பெயர் மகாலட்சுமி. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அவருக்கு ஆறு வருஷம் முன்பே அங்கே உட்கார்ந்தவள் நான். வந்த புதிதில் அவர் அதை மதிக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இப்போதும் கொஞ்சம் உண்டு.

அவர் மனுவில் ‘மேற்படி’ இல்லாத வரியே இருக்காது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“அண்ணாச்சி, இதுல பதினோரு மேற்படி இருக்கு. எந்த மேற்படி மாட்டைத் திருடினான், எந்த மேற்படி பறிகொடுத்தான்?”

நான்கு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள், நான் எழுதி வைத்திருந்த மனுவை இழுத்துப் படித்தார். நீலப் பென்சிலால் ஒரே ஒரு கோடு போட்டார். ‘கண்ணீர் மல்க வேண்டுகிறேன்’ என்ற வரியின் கீழே.

“இந்தப் பெரியவரு ரேஷன் கார்டுல பேரு திருத்த வந்திருக்காரு. அவரு அழல. நீங்க எதுக்கு அழுதிய?”

சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்ப் பழைய நகல்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அழுதிருந்தேன். மறுநாளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, பென்சில் போட்ட பிறகுதான் மனுதாரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவரிடம் மேற்படி குறைந்தது, என்னிடம் கண்ணீர் குறைந்தது. ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் என்னுடையது. நீளமாக எழுதினால் அதிகாரி படிக்க மாட்டார் என்று அவரை நச்சரித்துக்கொண்டே இருப்பேன்.

போன வருஷம் ஆனியில் செட்டியார்பட்டியிலிருந்து மாரிக்கனி வந்தாள். கை வீங்கியிருந்தது. பாண்டிதுரைதான் கேட்டு எழுதினார்.

“அவிய குடிச்சிட்டு வந்தாவ. விறகுக் கட்டையால அடிச்சாவ. கொழுந்தன் குறுக்க விழுந்து தடுத்தான்.”

அவள் அவிய என்றது புருஷனை. எங்கள் பக்கத்தில் அடிக்கிற புருஷனுக்கும் வாயில் அந்த மரியாதை உண்டு. பாண்டிதுரை அதை அப்படியே ஏட்டுத் தமிழுக்கு மாற்றினார்: ‘அவர்கள் என்னை அடித்தார்கள்.’ மனு ஒரு பக்கத்தைத் தாண்டி இரண்டு வரி போயிருந்தது. நான் பென்சிலை எடுத்தேன். கொழுந்தன் தடுத்த வரியை அடித்தேன்.

“இது புகாருக்கு வேண்டாம் அண்ணாச்சி.”

அவர் சரி என்றார். மாரிக்கனி கைரேகை வைத்தாள்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். அவர் தாளில் இருப்பதைத்தான் படித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். கொழுந்தன் தவசிமுத்து என்று இவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் மேலும் வழக்கு பதிவானது.

தவசிமுத்து போலீஸ் வேலைக்குப் பரீட்சையும் ஓட்டமும் முடித்து, நன்னடத்தை விசாரணைக்காகக் காத்திருந்த பையன். பெயரில் வழக்கு இருந்தால் வேலை இல்லை.

பத்து நாள் கழித்து மாரிக்கனி திரும்பி வந்தாள். சத்தம் போடவில்லை.

“என்னைய உசுரோட காப்பாத்துனதே அவன்தானய்யா. அவன் பேர எதுக்கு எழுதினிய?”

நகலை எடுத்து நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். அப்போதும் எங்களுக்கு ஓர் ஆள்தான் தெரிந்தது. மூன்றாவது தடவைதான் அந்த ‘கள்’ கண்ணில் பட்டது. எழுதியவர் காதும் திருத்தியவள் காதும் ஒரே வட்டாரக் காது.

பாண்டிதுரை தன் பெயரிலேயே ஒரு மனு எழுதினார். சொன்னது ஒருவரை, எழுதியது பலரை, தவறு மனுதாரருடையது அல்ல, ‘இந்தப் பிழையை நான் செய்தேன்.’ எழுதிவிட்டு வழக்கம்போல என் பக்கம் தள்ளினார்.

நான் ‘நான் செய்தேன்’ என்பதை அடித்து ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதினேன்.

“எழுதுனவன் நான்தான மகா.”

“தடுத்தான்னு நீங்க எழுதியிருந்திய. அடிச்சது நான்.”

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். பிறகு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மாரிக்கனியும் போய் வாக்குமூலம் கொடுத்தாள். நான்கு மாதத்தில் தவசிமுத்துவின் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த தேர்வுக்கு அவனுக்கு வயது தாண்டிவிடும்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். சில நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படுவான். “வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

எங்கள் ஏற்பாட்டை விடவில்லை. ஒன்றைக் கூட்டியிருக்கிறோம். மனுவை எழுதி, திருத்தி, பிறகு மனுதாரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறோம். இரண்டு பக்கம் போனாலும் நான் வாய் திறப்பதில்லை.

போன வாரம் ஒரு பெண் வந்து, “அவிய வீட்டுக்கே வாரதில்ல” என்று ஆரம்பித்தாள். பாண்டிதுரை பேனாவைக் கீழே வைத்தார்.

“அவியன்னா எத்தன பேரு தாயி?”

அவள் சிரித்துவிட்டாள். “இது என்ன கேள்வி அண்ணாச்சி. எம்புருசன் ஒருத்தருதான்.”

அவர் சிரிக்கவில்லை. ‘என் கணவர் ஒருவர் மட்டும்’ என்று எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார்.